கவனத்தில் கொள்ளப்பட்டது

“நான் வேண்டாம்னு எப்பவாவது சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னேனா? நீயா ஒண்ணை முடிவு பண்ணிட்டு, இப்ப என் தலையில கட்டாதே, புஷ்கலா!”

கேட்டாய் அல்லவா? கேட்காமல் எங்கே போகும், இந்த வீட்டுச் சுவர் அப்படி. கடைசியில் ஒரு சத்தம் வந்ததே, அது தாழ்ப்பாள். உட்கார், செவ்வந்தி. செவ்வந்திதானே சொன்னாய்? ஒன்பது மணிக்கு வந்தாய், டி.வி.யிலிருந்து வந்திருக்கேன், சாருக்கு வண்டி கீழே நிக்குது என்றாய். அதுவரை சார் நன்றாகத்தான் இருந்தார். முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டாயிற்று. அப்புறம் நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “இன்னிக்கு உங்ககூட இன்னொரு கெஸ்ட்டும் இருக்காங்க சார், சீனாக்காரப் பொண்ணு, யுவேன்னு பேரு, தமிழ் அப்படிப் பேசறாங்க” என்றாய். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவர்தான்.

நான் பின்னாலேயே போனேன். ரெண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, அந்தப் பெண்ணிடம் அவள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். இருக்கிறாளா இல்லையா, அதையாவது கேளுங்கள். ரெண்டு, அன்றைக்கு நடந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். இதற்குத்தான் அந்தக் கத்தல், அந்தத் தாழ்ப்பாள்.

உன் மேல் தப்பில்லை. உனக்கு எப்படித் தெரியும்? காபியைக் குடி. சர்க்கரை குறைச்சலாக இருக்கும். இந்த வீட்டில் எல்லாமே குறைச்சல்தான், பேச்சைத் தவிர.

நீங்கள் கீழே எழுத்து ஓடவிடுகிறீர்களே, ‘முன்னாள் தூதர் தணிகைவேல்’ என்று, அதை முதலில் திருத்துங்கள். இல்லை, வேண்டாம், விடு. திருத்தினால் அதற்கும் நான்தான் காரணம் என்பார். அவர் தூதர் இல்லை, கண்ணு. தூதரகத்தில் நிர்வாகப் பிரிவு. தூதருடைய கார் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கைப் பிடிப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, விருந்துக்கு நாற்காலி போடுவது, டெல்லியிலிருந்து மந்திரி வந்தால் பெட்டிகளை எண்ணி ஏற்றுவது. கௌரவமான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு பெரிய ஒப்பந்தமானாலும் கையெழுத்துப் போட ஒரு மேஜை வேண்டும். அந்த மேஜையை இவர்தான் போட்டார். ஆனால் மேஜை போட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “ஐயா, இந்த உறவு எங்கே போய் முடியும்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவரும் சொல்கிறார். முதல் தடவை ‘முன்னாள் தூதரக அதிகாரி’ என்று போட்டீர்கள். மூன்றாவது தடவை ‘முன்னாள் தூதர்’. இன்னும் ரெண்டு தடவை வந்தால் மந்திரியாகவே ஆக்கிவிடுவீர்கள் போல.

என்ன பேசுவார் என்று எனக்கு மனப்பாடம். நாம் எழுந்து வருகிற வல்லரசு. யாருக்கும் வால் பிடிக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் எண்ணெய் வாங்குவோம், ஒருவரிடம் விமானம் வாங்குவோம், ஒருவரோடு கடலில் கூட்டுப் பயிற்சி, இன்னொருவரோடு மலையில் பேச்சுவார்த்தை. யாரிடமும் ‘சரி’ என்று மாட்டிக்கொள்ள மாட்டோம், யாரிடமும் ‘மாட்டேன்’ என்று முறித்துக்கொள்ளவும் மாட்டோம். இதற்கு ஒரு பேர் சொல்வார், மூலோபாயத் தன்னாட்சி. கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். எழுந்து வருகிற வல்லரசு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்து முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. “ஏங்க, உப்புமாவா தோசையா?” என்றால், “பார்க்கலாம்” என்பார். என்னத்தைப் பார்ப்பது? அடுப்பில் கல் காய்கிறது.

அந்தப் ‘பார்க்கலாம்’தான், செவ்வந்தி. எல்லாம் அதில்தான் ஆரம்பம்.

லுசாகாவில் மூன்று வருஷம் இருந்தோம். ஜாம்பியா நாட்டுத் தலைநகரம். ஆப்பிரிக்காவில் எங்கே என்று கேட்காதே, மேப்பில் பார்த்துக்கொள். சுற்றிலும் சுவர், சுவர் மேல் முள்கம்பி, நடுவில் வீடு. அவர் காலையில் போனால் இருட்டுகிற வரைக்கும் நானும் ஒரு அவகாடோ மரமும்தான். பக்கத்து வீடு சீனாக்காரர்கள். அந்த நாட்டுக்கு ரோடு போட வந்த கம்பெனியில் புருஷன் இன்ஜினியர். பெண்டாட்டி பேர் ஷூஃபென். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் இன்றைக்கு உங்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிற யுவே.

ஒரு நாள் சுவருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது. கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் முள்ளங்கி ஊறுகாய். வாங்கிக்கொண்டேன். நல்ல ஊறுகாய்தான், காரம் போதாது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுப்பார்களா? உங்கள் வீட்டில் கொடுப்பார்களா? கிண்ணத்தை என் தட்டில் வைத்து, நாலு முறுக்கோடு கொடுத்தேன். மறுவாரம் என் தட்டு வந்தது, அன்னாசிப்பூ போட்டு வேகவைத்த வேர்க்கடலையோடு. அப்புறம் அவள் கிண்ணம் என்னிடம், என் தட்டு அவளிடம். மூன்று வருஷம், ஒரு பாத்திரம் ஒரு தடவைகூட வெறுமையாகச் சுவரைத் தாண்டவில்லை. ஒரு சமயம் ஊரில் எதுவுமே கிடைக்கவில்லை, கடைகள் மூடல். அன்றைக்கு என் தட்டில் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்பினாள். “இல்லை என்று வெறுமையாக அனுப்பக்கூடாது, நீதான் சொன்னாய்” என்றாள்.

இவர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? வேர்க்கடலையைப் பார்த்துப் பயந்துவிட்டார். வெளிநாட்டவர் கொடுக்கிற அன்பளிப்பை ஆபீசில் தெரிவிக்க வேண்டுமாம், அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறதாம். ‘அவித்த வேர்க்கடலை, அரைக் கிலோ, தந்தவர் சீனக் குடிமகள்’ என்று எழுதி மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். அந்த மனிதர், வங்காளி, நல்ல ரசிகர், “மிச்சம் இருக்கா?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினாராம். அதற்குப் பிறகும் இவர் என்னிடம் போ என்று சொன்னதில்லை, போகாதே என்று சொன்னதுமில்லை. “பார்த்து நடந்துக்கோ” என்பார். அவ்வளவுதான்.

நான் ஷூஃபெனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். நான் கான்வென்ட். வேலூரில், பன்னிரண்டு வருஷம். எங்கள் சிஸ்டர் பெர்னடெட் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள்: கடிதம் என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி, வந்தவர் என்ன கேட்டாரோ அதற்கு முதலில் பதில் சொல்லு, மழை வெயிலெல்லாம் அப்புறம். அதை அப்படியே ஷூஃபெனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அவள் இங்கிலீஷ் என் இங்கிலீஷ்தான், என் வாக்கியம், என் கமா. என் பிடிவாதமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

குழந்தை பாதிப் பொழுது என் சமையலறையில்தான். எங்களுக்கு இல்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன். நான் வேலை செய்துகொண்டே எனக்கு நானே தமிழில் திட்டிக்கொள்வேன், வேறு யாரிடம் திட்டுவது, அது கேட்டுக் கேட்டு அவளுக்கு ஏறிவிட்டது. முதலில் வந்த வாக்கியம், “அத்தை, பசிக்குது.” ரெண்டாவது வந்தது, “சனியனே, கரன்ட் போச்சு.” முன்பல் விழுந்தபோது என்னிடம்தான் ஓடிவந்தாள். கூரையில் வீசினோம். அவர்கள் ஊரிலும் கூரையில்தான் வீசுவார்களாம். ஷூஃபெனும் நானும் சிரித்தோம் பார், வயிறு வலிக்க. இத்தனை பெரிய மலையை நடுவில் வைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் பல்லை ஒரே இடத்தில்தான் எறிந்திருக்கிறோம்.

சரி. அப்புறம் அவர்களுக்கு வேறு ஊர், எங்களுக்கு வேறு ஊர். வருஷத்துக்கு ரெண்டு கடிதம், பின்னால் அது ஈமெயில். ஒருநாள் எழுதுகிறாள், யுவே கல்லூரியில் தமிழை எடுத்துப் படிக்கிறாள், “உன் சமையலறையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்” என்று. 2019 கடைசியில் அந்தப் பெண் சென்னைக்கே ஆராய்ச்சி என்று வந்துவிட்டாள். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற சோபாவில்தான் உட்கார்ந்தாள். பருப்புப்பொடி போட்டு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இவர் அன்றைக்கு என்ன குஷி! பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, ‘இரு பண்டைய நாகரிகங்கள்’ என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு யுவே சொன்னாள், “அம்மாவுக்குக் கிட்னி சரியில்லை அத்தை. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. நான் சொல்லிட்டேன்.”

அதற்கு மூன்றாம் மாசம் ஊரடங்கு வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், நீ காலேஜில் இருந்திருப்பாய். ஏப்ரலில் ஷூஃபெனிடமிருந்து கடிதம். யுவே வாடகைக்கு இருக்கிற இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தாலே எல்லோரும் படியில் ஒதுங்குகிறார்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் விமானம் எப்போது அழைத்துப் போகும் என்று தெரியவில்லை. அதுவரை உன் வீட்டில் ஒரு மூலை கொடுக்க முடியுமா? அவள் உன் சமையலறையில் வளர்ந்தவள். எவ்வளவு நேராக எழுதியிருந்தாள் பார்! முதலில் கேட்டது, அப்புறம்தான் மழை.

இவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆகிவிட்டது, ஆனால் காகிதத்தைப் பார்த்தால் ஆபீஸ் வந்துவிடும். “பார்க்கலாம்” என்றார். “பதில் போடணுமே” என்றேன். உடனே பேனாவைத் திறந்தார். அதில் மட்டும் தாமதமே கிடையாது. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் கண்டுள்ள விஷயங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன. உரிய தருணத்தில் தெரிவிக்கப்படும். மூன்றே வரி, நல்ல ஆபீஸ் இங்கிலீஷில்.

நான் அதை டைப் செய்து அனுப்பினேன். ஒரு கமா தப்பாக இருந்தது, திருத்தினேன். என்ன அப்படிப் பார்க்கிறாய்? எழுதியது அவர். இன்றைக்குக் கேட்டால், “அதுல கீழே யார் பேர் இருக்கு?” என்கிறார். என் பேர்தான் இருக்கும், கடிதம் எனக்குத்தானே வந்தது.

ஷூஃபென் அதற்குப் பதில் போடவில்லை. ஏதோ ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது என்று யுவே ஒரு மெசேஜ் அனுப்பினாள். சரி, அந்த மட்டுக்கும் ஆயிற்று என்று இருந்தேன். ஜூனில் அந்த எல்லைச் சமாச்சாரம். மலையில் கைகலப்பு, நம் பையன்கள் இருபது பேர் போய்விட்டார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான் கொதித்தது, நான் மட்டும் என்ன கல்லா? கீழ் ஃப்ளாட் கஜபதி, அசோசியேஷன் செகரட்டரி, சீனச் சாமானை எல்லோரும் குப்பையில் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டார். “சார், இதை எந்த ஃபோன்லேர்ந்து போட்டீங்க?” என்று நான் கேட்டேன். மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

அவர் அப்படிப் போட்டதற்கு மறுநாள் மத்தியானம் கேட்டில் சத்தம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். முகக்கவசம், பெட்டி, முதுகில் ஒரு பை. “அத்தை! நான் யுவே.” ஹாஸ்டலில் யாருக்கோ தொற்று வந்து மூடிவிட்டார்களாம். நாளைக்கழித்து மறுபடி முழு ஊரடங்கு. அவர்கள் ஊர் விமானத்துக்கு இன்னும் பத்து நாள். “பத்து நாள்தான் அத்தை. ஹால்ல ஓரமாப் படுத்துக்குவேன். வெளியவே வரமாட்டேன். யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாதா? எதிர் பால்கனியில் ரெண்டு பேர், மேலே ஒருத்தர், கீழே கஜபதி வீட்டு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. கேட் பூட்டியிருந்தது. வெளியாள் வரக்கூடாது என்று மாசத்துக்கு ஒரு வீடு முறை வைத்துச் சாவியை வைத்துக்கொள்வோம். அந்த மாசம் எங்கள் முறை. சாவி நம்ம சமையலறை ஆணியில்தான் தொங்கியது. சாவி இருந்தால் ஆயிற்றா? திறக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இவர் தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானத் தூக்கம், ரெண்டிலிருந்து நாலு. எழுப்பியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். எழுப்பினால் என்ன சொல்வார்? ‘பார்க்கலாம்’ என்பார். முப்பது வருஷமாக அவர் பார்க்கலாம் என்றால் அது வேண்டாம்தான். எனக்குத் தெரியாதா? ஒரு மனுஷர் வாயைத் திறந்து சொல்லாததையும் தெரிந்துகொண்டு நடப்பதுதானே பெண்டாட்டி உத்தியோகம்?

“மாமா தூங்கறாரும்மா. அவர் ஒரு வார்த்தை சொல்லணும்” என்றேன்.

“எப்போ சொல்வாரு அத்தை?”

“சொல்வார்மா. கொஞ்சம் பொறு.”

பொறுத்தாள். பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். ஜூன் வெயில் எப்படி இருக்கும்? எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ப் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கேரியரில் அடைத்து, கயிற்றில் கட்டிப் பால்கனியிலிருந்து இறக்கினேன். காய்கறிக்காரனுக்குக் கூடை விடுவோமே, அந்தக் கயிறு. கேட்டுக் கம்பி வழியாகக் கையை விட்டு எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். கைகூப்பினாள். “வர்றேன் அத்தை” என்றாள். எவ்வளவு சுத்தமான தமிழ், பார். போகிறேன் என்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு இவர் எழுந்து காபி குடிக்கும்போது சொன்னேன். “ஓ, வந்தாளா?” என்றார். ரெண்டு வாய் குடித்துவிட்டு, “போயிட்டாளா? என்னை எழுப்பியிருக்கலாமே, பார்த்திருக்கலாம்” என்றார்.

பார்த்திருக்கலாமாம்!

எட்டு நாள் கழித்துக் கேரியர் திரும்பி வந்தது. ஒரு ஆட்டோக்காரர் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அந்தப் பொண்ணு சிஸ்டருங்க ஹோம்ல இருக்கும்மா, அவங்க யாரையும் கேட்கவேயில்லை, கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிட்டாங்க என்று அவர்தான் சொன்னார். எங்கள் சிஸ்டர்கள் அப்படித்தான், எந்தக் கான்வென்ட்டானாலும். எனக்குப் பெருமையாக இருந்தது. கேரியரை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். பளபளவென்று தேய்த்திருந்தாள், நான்கூட அப்படித் தேய்த்ததில்லை. மேல் அடுக்கைத் திறந்தேன். நடு அடுக்கைத் திறந்தேன். அடி அடுக்கையும் திறந்தேன்.

ஒன்றுமில்லை. ஒரு பிடி சர்க்கரைகூட இல்லை.

சொல்லு, இது நியாயமா? அவள் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். சின்ன வயதில் அந்தத் தட்டுகளைச் சுவருக்குச் சுவர் தூக்கிக்கொண்டு ஓடினவள் அவள்தான். தெரியாமல் அனுப்பியிருப்பாள் என்றால் நம்பலாம், தெரிந்தவள் அனுப்பினால்? நான் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். இவரிடம் காட்டினேன். “கொரோனா காலம், சாப்பாட்டுப் பொருள் அனுப்பக்கூடாதுன்னு அட்வைஸ் பண்ணியிருப்பாங்க” என்றார். இவருக்கு எதற்கும் ஒரு சர்க்குலர் கிடைத்துவிடும்.

அப்புறம் ஐந்து வருஷம் மூச்சு இல்லை. நானும் எழுதவில்லை. ரெண்டு நாட்டுக்கும் பேச்சு இல்லாதபோது நான் மட்டும் எழுதினால் நன்றாக இருக்குமா? ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் டி.வி.யில் இவர் அந்த நாட்டை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே வீட்டில் உட்கார்ந்து ‘அன்புள்ள ஷூஃபென்’ என்று எழுதவா? எழுத வேண்டாம் என்று இவர் சொன்னாரா என்று கேட்காதே. நீயும் அவரைப் போலவே கேட்காதே.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. பெரியவர்கள் கை குலுக்கியாயிற்று, நேர் விமானம் பறக்கிறது, யாத்திரை போகிறார்கள். அங்கே ஒரு வல்லரசு நம் மேல் வரி போட்டால் இங்கே ஒரு வல்லரசைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இவர் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாசம் சாப்பிடும்போது தானாகவே சொன்னார், “உன் ஃபிரெண்டுக்கு இப்ப நீ எழுதலாம். சூழ்நிலை அனுகூலமா இருக்கு.” கேட்டாயா? எனக்குக் கேட் திறந்துவிட்டார்கள்.

எழுதினேன். அன்றைக்கே எழுதினேன். உடம்பு எப்படி இருக்கிறது, இங்கே மழை, எனக்கு முட்டி வலி, அந்த அவகாடோ மரம் இன்னும் இருக்குமா. ஜூன் சமாச்சாரம் எதையும் எழுதவில்லை. எதற்கு? பெரியவர்கள் கை குலுக்கும்போது அதையெல்லாம் பேசிக்கொண்டா குலுக்கினார்கள்? நடந்தது நடந்துவிட்டது, மேலே போக வேண்டியதுதான்.

முப்பத்தொரு நாளாகிறது. பதில் இல்லை.

கடிதம் வந்தால் பதில் போட வேண்டும் என்று நான் அவளுக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்? ஒரு வரி போட்டால் என்ன? முதல் வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. மரியாதை தெரியாதவள் என்றுகூடச் சொன்னேன். ரெண்டாவது வாரம் அந்தக் கிட்னி நினைவுக்கு வந்தது. யுவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. 2019லேயே சரியில்லை என்றாள். இப்போது எத்தனை வருஷம்? எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் போடாமல் இருக்கிறாளா, பதில் போட ஆள் இல்லையா? எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோபித்துக்கொண்டு இருக்கிறாள் என்றால் எனக்குப் போதும். கோபித்துக்கொள்ளட்டும், இருந்துகொண்டு கோபித்துக்கொள்ளட்டும்.

இப்படி நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் காலையில் நீ வந்து யுவே என்கிறாய். சாயங்காலம் விமானம் ஏறுகிறாள் என்கிறாய். யாரோ தொழிலதிபர்களோடு மொழிபெயர்க்க வந்தவளாம், ஒரே நாள்தானாம். இவர் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர். வாயைத் திறந்து, ‘அம்மா எப்படியம்மா இருக்காங்க?’ என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா? கேட்க மாட்டாராம். இருக்கிற நாடுகளுக்கெல்லாம் வழி சொல்கிறவர், அந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். எத்தனை சட்டை இருக்கிறது அவரிடம்?

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். அது உண்மை. நான் பொய் சொல்ல மாட்டேன், கான்வென்ட்டில் படித்தவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சரி என்றும் சொல்லவில்லையே? சொன்னாரா? ரெண்டு மாடி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? லிஃப்ட்கூட அன்றைக்கு வேலை செய்தது.

போதும் விடு. எனக்கே அலுத்துவிட்டது.

யார், உங்கள் ஆபீசா? எடுத்துப் பேசு. சார் வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கலாம் என்கிறார்களா? போடட்டும். மேஜை போட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். எழுந்துவிட்டாயே, இரு. காபியை அப்படியே வைத்துவிட்டாய். செருப்பைப் போட்டுக்கொண்டே கேளு. வண்டி எப்படியும் காலியாகத்தானே போகிறது? நான் வருகிறேன். கேமரா முன்னால் வர மாட்டேன், பேச மாட்டேன், நாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் வெளியே வருகிற வாசலில் நிற்கிறேன், அவ்வளவுதான். அவளுக்கு என்னோடு பேச இஷ்டமில்லை என்றால் வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். புடவை மாற்ற வேண்டியதில்லை, இதுவே போதும். செவ்வந்தி, ஃபோனைக் கொஞ்சம் காதிலிருந்து எடேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாயா? செவ்வந்தி, உன்னைத்தான் கேட்கிறேன். கூட்டிக்கொண்டு போகிறாயாம்மா?